ஊருணியில குப்பை, கேட்க உரிமை இருக்கா?

கேள்வி: எங்க ஊருணியில கல்யாண வீட்டு எச்சி இலை, பிளாஸ்டிக் டம்ளர் எல்லாம் கொட்டுறாக. கேட்டா 'ஒங்களுக்கென்ன ரைட்ஸு'ங்குறாக. எனக்கு உரிமை இருக்கா?
- ஒரு ஆச்சி, காரைக்குடி பக்கம்

பதில்: இருக்கு ஆச்சி, தாராளமா கேளுங்க. ஏரி, ஆறு, காட்டைக் காப்பாத்துறது ஒவ்வொரு குடிமகனோட கடமைன்னு அரசியலமைப்போட 51ஏ பிரிவே சொல்லுது, 1976ல சேர்த்தது. அந்தக் கடமைய மீறுனா நேரா தண்டனை கிடையாதுதான், ஆனா சுத்தமான சூழல்ல வாழுறது 21வது பிரிவுல வர்ற உரிமைன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, அதனால பஞ்சாயத்து தட்டிக்கழிக்கவே கூடாது. ஊருணி தூர்வார எவ்வளவு செலவாச்சுன்னு தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனு போடுங்க, 30 நாள்ல பதில் தரணும். அக்டோபர் 2 கிராமசபைக்குத் தெருப் பொம்பளைக நாலு பேரா போயி எந்திரிச்சுப் பேசுங்க, தீர்மானமா எழுதச் சொல்லுங்க, வாசிச்சுப் பாத்துட்டே கையெழுத்துப் போடுங்க, வெறுந்தாள்ல மட்டும் போட்றாதீக.