சட்டம் பிள்ளையைப் பிரிக்கச் சொன்னதா?

கேள்வி: எங்கள் பள்ளி விவாதப் போட்டிக்கு, 2018-இல் அமெரிக்க எல்லையில் குடியேறிகளின் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்ததைத் தலைப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். "குற்றம் செய்து சிறைக்குப் போகும் எவருடைய பிள்ளையும் பிரியத்தானே வேண்டும்?" என்று எதிரணி கேட்டால் என் மாணவர்கள் என்ன சொல்வது? (ஓர் ஆசிரியை)

பதில்: குடும்பமாக எல்லை கடந்தவர்களைப் பிரித்தே ஆகவேண்டும் என்று எந்த அமெரிக்கச் சட்டமும் சொல்லவில்லை என்பதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அனுமதியின்றி எல்லை கடப்பது, முதல் முறையெனில், அதிகபட்சம் ஆறு மாதச் சிறைக்குரிய சிறு குற்றம். குழந்தைகளோடு வந்தவர்கள்மீது பெரும்பாலும் அந்த வழக்கைத் தொடுக்காமல், குடியேற்ற விசாரணைக்கு மட்டுமே அனுப்பிவந்தார்கள். 2018 ஏப்ரலில் அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் அறிவித்த 'ஜீரோ டாலரன்ஸ்' (எவருக்கும் விலக்கில்லை) கொள்கை, மே மாதத்திலிருந்து அவர்களையும் வழக்குக்குள் இழுத்தது. தாய் குற்றவியல் காவலுக்குப் போன உடனே குழந்தை ஏட்டில் 'துணையின்றி வந்த குழந்தை' ஆகிவிடும். அத்தகைய குழந்தையை 72 மணி நேரத்துக்குள் அகதிகள் மீள்குடியமர்வு அலுவலகத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது 2008-ஆம் ஆண்டுச் சட்டம். ஆட்கடத்தலிலிருந்து காக்க வந்த சட்டம் அது என்பதுதான் வேடிக்கை.

எதிரணியின் சிறை ஒப்பீடு இதற்கு அடுத்த கட்டத்தில்தான் நிற்காமல் போகிறது. காவலில் ஏற்கெனவே கழிந்த ஓரிரு நாட்களையே தண்டனையாகக் கணக்கிட்டுப் பலரை நீதிமன்றம் அனுப்பிவிட்டது. ஆனால் திரும்பிவந்த தாய் தேடும்போது பிள்ளை வேறு மாநிலக் காப்பகம் ஒன்றுக்குப் போயிருக்கும். தாய்க்கு ஓர் எண், பிள்ளைக்கு ஓர் எண். இரண்டையும் பிணைத்துக் காட்டும் ஒழுங்கான பொதுப் பதிவு துறைகளிடையே இல்லை. காவலில் இருப்பவர்களின் உடைமைகளுக்கு இருக்கும் துல்லியமான கணக்குகூடக் குழந்தைகளுக்கு இல்லை என்று சான் டியேகோ நீதிபதி டானா சப்ரா கண்டித்து, ஐந்து வயதுக்குட்பட்டவர்களை 14 நாட்களிலும் மற்றவர்களை 30 நாட்களிலும் பெற்றோரிடம் சேர்க்கும்படி 2018 ஜூன் 26-இல் உத்தரவிட்டார். அந்த வழக்கைத் தொடுத்த காங்கோ நாட்டுத் தாய் திருட்டுத்தனமாக எல்லை கடந்தவரே அல்லர். சான் இசிட்ரோ சோதனைச் சாவடிக்கு நேராக வந்து புகலிடம் கேட்டவர். அவருடைய சிறுமகளைச் சிகாகோவுக்கு அனுப்பி, மாதக்கணக்கில் பிரித்து வைத்திருந்தார்கள். உங்கள் அணி கையில் எடுக்க வேண்டிய முதல் சான்று இதுவே என்பேன்.

எதிரணியிடமும் வலுவான வாதம் ஒன்று உண்டு. காவலில் உள்ள குடியேறிக் குழந்தைகளை நடத்தும் முறை பற்றி அரசு 1997-இல் ஒப்புக்கொண்ட ஃபுளோரஸ் வழக்கு உடன்பாட்டை 2015-இல் நீதிமன்றம் விளக்கிய விதத்தால், பெற்றோருடன் வந்த குழந்தைகளையும் பொதுவாக 20 நாட்களுக்கு மேல் அடைத்து வைக்க முடியாமல் போனது. ஆகவே குடும்பங்களை வெளியே விட நேர்கிறது, அதுவே குழந்தையை அழைத்துவரத் தூண்டுகிறது என்றது அரசு. இந்தச் சிக்கல் உண்மையானது. ஆனால் அதற்காகப் பிள்ளையைப் பறிப்பதை அச்சுறுத்தலாக்கலாமா என்பதே கேள்வி.

"பிரிவே கூடாது" என்று மட்டும் மாணவர்கள் பேசிவிட வேண்டாம். உடன் வந்தவர் பெற்றோர்தானா என்ற ஐயமோ, அவரால் குழந்தைக்கு ஆபத்தோ இருந்தால் பிரிப்பதற்கு, இப்படிப் பிரிக்கும் கொள்கையை எட்டு ஆண்டுகளுக்குத் தடுக்கும், அதே சான் டியேகோ வழக்கின் 2023 டிசம்பர் உடன்படிக்கையும் இடம் தருகிறது. கம்பித் தடுப்புக்குள் குழந்தைகள் படுத்திருக்கும் படங்களைக் காட்டுவதானால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது பரவலாகப் பகிரப்பட்டவற்றில் சில, ஒபாமா காலத்தில், 2014-இல் எடுக்கப்பட்டவை.