முதலில் கட்டிலை உள்ளே கொண்டு வா

கேள்வி: என் மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். சவூதியில் வேலை பார்க்கும் என் கணவர் லீவுக்கு வந்தபோது, டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி வாங்கி வந்தார். தாமஸ் ரயில் கார்ட்டூன் பார்த்தே வளர்ந்த பிள்ளை, இப்போது அந்தத் தாமஸை ஓட்டும் ரயில் கேமே கதி என்று கிடக்கிறான். ஸ்கூல் விட்டு வந்ததும் உட்கார்ந்தால் ராத்திரி பத்து மணி வரை நீராவியைத் திறப்பதும், பிரேக் போடுவதும், சிக்னலுக்கு நிற்பதும்தான். டிவியை ஒட்டி உட்காருகிறான். அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் மார்க் குறைந்துவிட்டது. மாமனாருக்கு எழுபத்து நாலு வயது. பாம்பன் தூக்குப்பாலத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். டிவி வைக்க இடமில்லாமல் அவருடைய கட்டிலைத் திண்ணைக்கு மாற்றினோம். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். கேம் பெட்டியை ஒளித்து வைத்துவிடலாமா?
- ஒரு வாசகி, மண்டபம்

பதில்: மகளே, பிள்ளை கேம் விளையாடுகிறான் என்று எனக்குக் கடிதம் வராத வாரமே இல்லை. 'இந்த வயசில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான், போகப் போகச் சரியாகிவிடும்' என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பாய். அதைப் பக்கத்து வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். உன் கடிதத்தில் என்னை உட்காரவிடாமல் செய்தது வேறு விஷயம். மாமனாரின் கட்டிலை எடுத்துத் திண்ணையில் போட்டிருக்கிறாயே, அது.

அதை மார்க் விஷயத்துக்கும் கேள்விக்கும் நடுவில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறாய். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவர் எங்கே படுத்தார்? மண்டபத்தில் வாடைக்காற்று எப்படி அடிக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாரல் திண்ணைச் சுவர் வரை வந்து அறையும். கொடியில் போட்ட வேட்டி காயாமல், உப்புப் பிசுபிசுப்போடு தொங்கும். இப்போது மார்கழிப் பனி. அந்த வயதில் ராத்திரி இரண்டு தடவையாவது எழுந்திருக்க வேண்டி வரும். இருட்டில், ஈரத் திண்ணையில், ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்து போவதை நீ ஒரு நாளாவது பார்த்தாயா?

'ஒன்றும் சொல்ல மாட்டார்' என்கிறாய். எப்படிச் சொல்வார்? மகன் கடல் கடந்து இருக்கிறான், சாப்பாடு மருமகள் கையால். அந்த நிலையில் இருக்கும் மனுஷர் வாயை மூடிக்கொண்டுதான் இருப்பார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அநியாயம். பத்து வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் புரியாது என்றும் நினைக்காதே. வீட்டுக்கு ஒரு டிவி வந்தால் தாத்தா வெளியே போகலாம் என்று நீயும் உன் கணவரும் சேர்ந்து அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். கணக்கில் குறைந்த மார்க்கை அடுத்த பரீட்சையில் பிடித்துவிடலாம். இதை அவன் மனசிலிருந்து அழிப்பது லேசில்லை.

எனக்கு ஆற மாட்டாத இன்னொன்றும் உண்டு. ரயில், ரயில் என்று உயிரை விடுகிற பிள்ளை உள்ளே. வாழ்நாளெல்லாம் ரயிலுக்கு வழி விட்டவர் வெளியே. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் நடுவில் இருந்த, ஷெர்சர் என்ற வகைத் தூக்குப்பாலத்தில் கப்பலுக்கு வழிவிட மோட்டார் கிடையாது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, நெம்புகோலைப் பிடித்துத் தள்ளிச் சுற்றி, பல்சக்கரத்தை நகர்த்தி, இரண்டு இறக்கைகளையும் கையால்தான் தூக்கினார்கள். கீழே நீரோட்டம் இழுக்கும், மேலே காற்று தள்ளும். காற்று அளவு மீறினால் சிக்னல் விழாது. ரயில் கரையிலேயே நிற்கும். 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் உயரத்துக்கு மோட்டாரில் ஏறுகிறது. உன் மகன் விவரம் தெரிந்து பார்ப்பது இதைத்தான். பழையது எப்படித் திறந்தது என்று அவன் யாரிடம் கேட்பான்? அவர் வீட்டிலேயே இருக்கிறார். '64 புயலின்போது அவருக்குப் பதிமூன்று வயது இருக்கும். தனுஷ்கோடி பாசஞ்சரைக் கடல் கொண்டு போனதும், பாலத்தை 46 நாளில் சரிசெய்ததும், தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்ப வராமலே போனதும் கண்ணால் கண்ட தலைமுறை அது.

அந்தத் தாமஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? இங்கிலாந்தில் வில்பர்ட் ஆட்ரி என்ற பாதிரியார், தட்டம்மை கண்டு படுத்திருந்த தன் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன ரயில் கதைகள் அவை. 1945-ல் முதல் புத்தகம்; அடுத்த வருஷம் தாமஸ் வந்தது. சிறு வயதில், ராத்திரி படுக்கையில் கிடந்தபடி, வீட்டுக்குப் பக்கத்தில் மேடேறும் இன்ஜின்களின் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர் அவர். தாமஸ் ஓடும் சோடோர் தீவும் அவர் கற்பனைதான். கரையிலிருந்து பாலம் வழியாகத்தான் ரயில் அங்கே போகும். மண்டபத்துப் பிள்ளைக்கு அது பிடித்துப்போனதில் அதிசயம் ஒன்றும் இல்லை. தகப்பன் வாயால் மகனுக்குச் சொன்ன கதை அது. உன் வீட்டில் அதைச் சொல்ல வேண்டிய வாய் திண்ணையில் இருக்கிறது.

உன் கணவரிடமும் இதைப் படித்துக் காட்டு. அந்த வெயிலில் உழைப்பவரை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வீடியோ காலில் மகனிடம் 'எந்த ஸ்டேஷன் வரைக்கும் ஓட்டினாய்' என்று கேட்பவர், 'அப்பா எங்கே படுக்கிறார்' என்று கேட்டாரா? இனி போன் வந்தால் முதலில் மாமனார் கையில் கொடு. அவர் பேசி முடித்த பிறகு மற்றவர்கள்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இன்றைக்கு விளக்கு வைப்பதற்குள் கட்டில் உள்ளே, பழைய இடத்துக்கே வர வேண்டும். தூக்கும்போது ஒரு பக்கத்தை உன் மகன் பிடிக்கட்டும். டிவியை எங்கே வைப்பது என்று கேட்காதே. இடமில்லை என்றால் அது அட்டைப்பெட்டியில் இருக்கட்டும், ஒன்றும் ஆகிவிடாது. மாமனாரிடம் மன்னிப்புக் கேள். 'தெரியாமல் செய்துவிட்டேன் மாமா' என்று ஒரு வார்த்தை போதும். அவர் 'அதெல்லாம் ஒன்றுமில்லைம்மா' என்பார். அதை நம்பித் திரும்பி வந்துவிடாதே, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசு.

பெட்டியை ஒளித்து வைப்பது திருட்டுத்தனம். பிள்ளையும் ஒளிக்கப் பழகுவான். பள்ளி நாளில் அரை மணி நேரம், லீவு நாளில் ஒரு மணி நேரம், அதுவும் தாத்தா பக்கத்தில் இருக்கும்போதுதான் என்று வைத்துக்கொள். அவர் எழுந்தால் கேம் நிற்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மதுரை பாசஞ்சரில் ஏறி ராமேஸ்வரம் போய் வாருங்கள். ஜன்னலோரத்தில் பையன், பக்கத்தில் தாத்தா. பழைய பாலம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் கடக்க எத்தனை நிமிஷம் ஆகும் என்று அவரையே கேட்கச் சொல். கணக்கு அப்படி ஏறட்டும்.

அப்புறம், பிள்ளை டிவியை ஒட்டி உட்காருகிறான் என்று எழுதியிருக்கிறாய். அது கேம் பைத்தியமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, கிட்டப்பார்வையாகவும் இருக்கலாம். போர்டில் எழுதுவது தெரியாவிட்டாலும் கணக்கில் மார்க் குறையும். இந்த வாரமே ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கண்ணைக் காட்டு. மாமனாரையும் கூட்டிக்கொண்டு போ. அந்த வயதுக்குக் கண்புரை இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.