விஞ்ஞானிகள் தனித்தனியாக ஆராய்ந்தால் போதாதா, எதற்கு எல்லோரும் கூடிப் பேச வேண்டும்?

போதாது. ஏன் என்பதை எங்கள் வயல் வட்டையில் இருந்தே சொல்கிறேன். இலங்கையின் கிழக்கே, சம்மாந்துறைப் பக்கம் வேளாண்மை செய்கிற குடும்பம் நாங்கள்.

நெற்பயிர் குடலைப் பருவத்துக்கு, அதாவது கதிர் வெளிவருவதற்கு முந்தைய பருவத்துக்கு, வரும்போது இங்கே எல்லோருக்கும் அறக்கொட்டி என்ற பூச்சியின் பயம் வந்துவிடும். புத்தகங்களில் கபில நிறத் தத்தி என்று போட்டிருப்பார்கள். வரம்பில் நின்று பார்த்தால் வயல் பச்சையாகத்தான் தெரியும். இறங்கிப் பயிரை விலக்கினால் தண்ணீருக்குச் சற்று மேலே, அடித்தண்டில், எள்ளை அள்ளி அப்பினது போல ஒட்டிக்கொண்டிருக்கும். சாறு முழுவதையும் உறிஞ்சி முடித்ததும் வட்டம் வட்டமாக எரிந்து காய்ந்துவிடும்.

இந்தப் பூச்சியைத் தாங்கும் நெல்லைத் தேடிய கதையில் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஐஆர் 26 என்ற நெல் 1973இல் வந்தது. அறக்கொட்டி தாங்கும் என்றார்கள். இரண்டு மூன்று வருடத்தில் பூச்சி அதற்கும் பழகிவிட்டது.

1975இல் ஒரு பெரிய கூட்டு வேலை தொடங்கியது. ஒரே விதைத் தொகுதியைப் பல நாடுகளுக்கும் அனுப்பி, அவரவர் மண்ணில் விதைத்துப் பார்த்து முடிவை எழுதி அனுப்பச் செய்தார்கள். வந்த முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. மட்கோ, ஏஎஸ்டி 7 இரண்டுமே இந்திய நெல்கள். பிலிப்பைன்ஸ் பூச்சியைத் தாங்கிய அவை இந்தியாவிலும் இலங்கையிலும் விழுந்துவிட்டன. தனியாக இருந்து பார்த்த ஒருவர் விதை கலந்துவிட்டது என்றோ, தன் பரிசோதனையில் பிசகு என்றோ நினைத்து விட்டிருப்பார். எல்லா ஊர் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால்தான், பார்வைக்கு ஒன்றாக இருக்கும் பூச்சியில் வெவ்வேறு வகைகள் இருப்பதும், நம் பக்கத்துப் பூச்சி வேறு வகை என்பதும் உறுதியானது. கூட்டு ஆராய்ச்சி என்றதும் கைகுலுக்கிப் படம் எடுப்பதைத்தான் பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், "உன் முடிவு என் வயலில் சரிவரவில்லை" என்று ஒருவர் சொல்வதில்தான் அதன் பெறுமதி அதிகம்.

அப்படித் தேடும்போது அகப்பட்டதுதான் நம் நாட்டுப் பாரம்பரிய நெல்லான ரத்து ஹீனட்டி. அது அந்த வகைகள் எல்லாவற்றையும் தாங்கியது. அதில் உள்ள எதிர்ப்புக் கூறுக்கு பிபிஎச் 3 என்று பெயரிட்டு, ஆராய்ச்சியாளர்களான லட்சுமிநாராயணாவும் குஷ்ஷும் 1977இல் வெளியிட்டார்கள். அது மூன்று மரபணுக்கள் சேர்ந்த கொத்து என்பதைச் சீன விஞ்ஞானிகள் 2015இல்தான் கண்டுபிடித்தார்கள். இடையில் 38 வருடம். விதை பத்திரமாக இருந்ததும் பழைய கட்டுரை எவர் கைக்கும் எட்டியதும்தான் அந்த வேலையைத் தொடர வைத்தன. மறுபக்கம், கேரளத்துப் பட்டாம்பியின் பிடிபி 33 என்ற நெல் நம் பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து, அதிலிருந்து பிஜி 379-2 என்ற நெல் பிறந்தது. நாம் கொடுத்தோம், வாங்கியும் கொண்டோம்.

பேச்சு விஞ்ஞானிகளோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கு இந்தோனேசியா உதாரணம். மருந்து அடிக்க அடிக்க, அறக்கொட்டியைத் தின்னும் சிலந்திகள் செத்து அறக்கொட்டி இன்னும் பெருகுகிறது என்பதை ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது அரசாங்கத்தின் காதுக்கும் எட்டி, 1986இல் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளைத் தடை செய்தார்கள். எங்கள் பக்கத்தில் பூச்சியைக் கண்டதும் இன்னும் மருந்துக் கடைக்குத்தான் முதலில் ஓடுகிறோம், அது வேறு கதை.

நீங்களும் வயல்காரர் என்றால், விவசாயப் போதனாசிரியரிடம் "பூச்சி வந்திட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்த நெல், விதைத்து எத்தனை நாள், என்ன மருந்து எப்போது அடித்தீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள். வயலில் நடந்தது மேலே போய்ச் சேர வேறு வழி அவ்வளவாக இல்லை.