பேசியே நகரும் காதல் படங்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

'பிஃபோர் சன்செட்' பார்த்தேன். இரண்டு பேர் பாரிஸ் தெருக்களில் பேசிக்கொண்டே நடக்கிறார்கள், படம் முடிந்துவிடுகிறது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. அந்தத் தைரியத்தில் நண்பர்களோடு சேர்ந்து 20 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தோம். பிரிந்துபோன காதலர்கள் ஒரு மொட்டை மாடியில் சந்தித்துப் பேசுகிறார்கள். பார்த்தவர்கள் "ரேடியோ நாடகம் மாதிரி இருக்கு" என்கிறார்கள். எங்கே பிசகியது? திரைக்கதையை இணைத்திருக்கிறேன்.

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

திரைக்கதையைப் படித்தேன். வசனம் நன்றாக இருக்கிறது. ஆனால் மூன்றாம் பக்கத்திலேயே அவன் "உன்னை மறக்க முடியல" என்று சொல்லிவிடுகிறான். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால், அதற்கப்புறம் 17 நிமிடம் பாக்கி இருக்கிறது. பார்க்கிறவர் எதற்காகக் காத்திருப்பார்?

இந்த வகைப் படங்களில் நம்மை இழுத்துப் பிடிப்பது சொல்லாமல் வைத்திருக்கும் விஷயம்தான். சுற்றி நடக்கும் பேச்சு முழுக்க அதை மூடி மறைக்கிற வேலை.

'பிஃபோர் சன்செட்' (2004) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வியன்னாவில் ஓர் இரவு மட்டும் சேர்ந்திருந்து, ஆறு மாதம் கழித்து அங்கேயே சந்திப்போம் என்று சொல்லிப் பிரிந்த ஜெஸ்ஸியும் செலினும் ஒன்பது வருடம் கழித்து ஒரு புத்தகக் கடையில் சந்திக்கிறார்கள். அவன் அன்று மாலையே விமானம் பிடிக்க வேண்டும். படம் சுமார் 80 நிமிடம், கதை நடக்கும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவே. ஆரம்பத்திலேயே அவள் கேட்கிறாள்: சொன்னபடி ஆறு மாதம் கழித்து வியன்னாவுக்கு வந்தாயா? அவன் முதலில் இல்லை என்கிறான். அது பொய் என்று அவள் கண்டுபிடித்துவிடுகிறாள். அதன்பின் வேலை, அரசியல், அவன் எழுதிய நாவல் என்று பேச்சு எங்கெங்கோ போகிறது. அந்த இரவு தன்னை என்ன செய்தது என்பதை மட்டும் இருவருமே கடைசிவரை தள்ளிப்போடுகிறார்கள். முக்கால்வாசிப் படம் ஓடியபின் காருக்குள்தான் அது உடைகிறது. வண்டியை நிறுத்து, இறங்கிக்கொள்கிறேன் என்கிறாள் செலின். சற்று நேரத்தில் அவன் தன் திருமண வாழ்க்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் கை அவன் தலையைத் தொடப்போகிறது. அவன் திரும்பியதும் கையை இழுத்துக்கொள்கிறாள். சுமார் ஒரு மணி நேரப் பேச்சு சேர்த்துவைத்தது அந்த ஒரு கையசைவில் வெளியே வருகிறது. அந்த வியன்னா இரவைச் சொல்லும் முதல் படம் 'பிஃபோர் சன்ரைஸ்' (1995). அதில், டிராமில் அவள் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கப் போய் அவனும் இப்படியே கையை மடக்கிக்கொள்வான். அதே படத்தில் இசைத்தட்டுக் கடையின் சிறு அறையில் பாட்டு மட்டும் ஓடும், இருவரும் மாறி மாறித் திருட்டுத்தனமாகப் பார்ப்பார்கள், ஒரு வசனம்கூட இல்லை. வெட்டாத ஒரே ஷாட். பேச்சுப் படம் என்று பெயரெடுத்ததில் என் மனதில் முதலில் வருவது இதுதான்.

பிரெஞ்சு இயக்குநர் எரிக் ரோமரின் 'மை நைட் அட் மாட்ஸ்' (1969) படத்திலும் இதே வித்தைதான். தத்துவஞானி பாஸ்கல், கடவுள் நம்பிக்கை, திருமணம் என்று இரவெல்லாம் வாதம். அடியில் ஓடும் கேள்வி, நாயகனான கத்தோலிக்க எஞ்சினியர், மாட் என்ற அந்த வீட்டுப் பெண்ணின் படுக்கைக்குப் போவானா என்பது. கொள்கை பேசிப் பேசியே அவன் தன்னைக் காத்துக்கொள்கிறான்.

உங்கள் படத்தில் நேர நெருக்கடி இல்லை. அவளுக்குப் பிடிக்க வேண்டிய பஸ் ஒன்று இருக்கட்டும், கீழிருந்து யாராவது ஒரு முறை கூப்பிடட்டும். இதே வரிசையின் மூன்றாம் படம் 'பிஃபோர் மிட்நைட்'டில் ஓட்டல் அறைச் சண்டை மூள்வதே ஜெஸ்ஸியின் மகனிடமிருந்து வரும் ஒரு போனில். கைக்கும் வேலை கொடுங்கள்: கொடியில் துணி எடுப்பது, மடிப்பது. அந்த "மறக்க முடியல" 16-ஆம் பக்கத்துக்குப் போகட்டும், முடிந்தால் வசனமே வேண்டாம். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் வரும் இடங்களைக் குறித்து, பாதியையாவது கோணலாக்குங்கள்.

ரேடியோ நாடகம் என்று சொன்னதற்கு எடிட்டிங்கும் காரணம். பேசுகிறவர் முகத்துக்கே திரும்பத் திரும்ப வெட்டினால், காதால் கேட்டதையே கண்ணும் பார்க்கிறது. கேட்கிறவர் முகத்தில் இருங்கள். முக்கியமான இடங்களில் இருவரையும் ஒரே சட்டகத்தில் வையுங்கள், வெட்டவே வேண்டாம். அதற்கு நடிகர்களுக்கு வசனம் மனப்பாடமாக இருக்க வேண்டும். 'பிஃபோர்' படங்களின் இயக்குநர் லிங்க்லேட்டர். அவருடைய இந்தப் படங்களை அந்தந்த நேரத்தில் தோன்றியதைப் பேசி எடுத்தவை என்று பலர் நினைக்கிறார்கள். எழுதி, நடிகர்களோடு உட்கார்ந்து திருத்தி, ஒத்திகை பார்த்து எடுத்தவை. அதனால்தான் இரண்டாம் படத்தின் படப்பிடிப்பு 15 நாளில் முடிந்தது.

நடந்தபடி பேசவைப்பதாக இருந்தால் தூரத்தை அளந்துவிடுங்கள். மெதுநடையில் நிமிடத்துக்கு 50, 60 மீட்டர் போவோம். நான்கு நிமிடக் காட்சிக்கு 200 மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். மாடியில் அது நடக்காது, படியிறங்கித் தெருவுக்கு வந்துதான் ஆக வேண்டும்.

ஒலியில் கவனம் வையுங்கள். சட்டை மைக்கை ஆளுக்கொன்று தனி ட்ராக்கில் பதியுங்கள். பாலியஸ்டர் சேலை உரசும், பருத்தி பரவாயில்லை. மாடிக் காற்றுக்கு மைக்கில் ரோம உறை கட்டாயம். க்ளோசப்பில் ஒருவர் பேச்சின்மேல் இன்னொருவர் பேச விடாதீர்கள், எடிட்டில் பிரிக்கவே முடியாது. இருவரும் சேர்ந்திருக்கும் ஷாட்டில் தாராளமாகக் குறுக்கிடட்டும், அங்கேதான் உயிர் வரும்.

தொடர்ந்து நடக்கும் கதை என்பதால் வெயில் காட்டிக்கொடுத்துவிடும். மாலை ஐந்திலிருந்து ஆறுவரை மட்டும், நாலைந்து நாள் பிரித்து, கதை வரிசைப்படியே எடுங்கள்.