ஃபைல் பெயரில் குறியீட்டுச் சிக்கலா? கேளுங்கள்

ஃபைல், போல்டர் பெயர் சம்பந்தமாக எதையும் கேட்கலாம், பிரிண்டர் வேண்டாம். முதலிலேயே ஒன்று: பெயர் மாற்றும் முன் நகல் எடுத்து வையுங்கள்.

மேலூர், போட்டோ ஸ்டூடியோ: அண்ணே, உபுண்டு லினக்ஸில் "எதிர்சேவை: மூன்றுமாவடி" என்று போல்டர் இருக்கு. பென்டிரைவில் காப்பி ஆக மாட்டேங்குது.

அந்த முக்காற்புள்ளிதான் காரணம் தம்பி. லினக்ஸ் பெயருக்குள் தட்டக்கூடிய குறிகளில் / மட்டும்தான் ஆகாது. விண்டோஸில் \ / : * ? " < > | ஒன்பதும் ஆகாது, எஃப்ஏடி32, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவுக்கும் அதே தடை. என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த ஹார்டு டிஸ்க் இன்னும் ஆபத்து: லினக்ஸ் பல சமயம் மறுக்காமல் எழுதிவிடும், அப்புறம் கல்யாண வீட்டுக்காரர் விண்டோஸில் செருகினால் பெயர் தெரியும், ஆனால் திறக்காது. லினக்ஸிலேயே பெயரை மாற்றிவிட்டுக் கொடுங்கள்.

தெற்கு மாசி வீதி, அச்சகம்: சார், "ஸ்ரீ மீனாட்சி" என்று ஒரே இடத்தில் இரண்டு போல்டர். ஒரே பெயரில் இரண்டு எப்படி வரும்?

நல்ல கேள்வி. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஸ்ரீயை ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று அடிக்கலாம். 2005-இல் கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடில் ஶ தனி எழுத்தாகச் சேர்ந்தது, அதை வைத்தும் அடிக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். உங்கள் கடையில் இரண்டு பேர் இரண்டு கீபோர்டில் அடித்திருப்பார்கள். "கொ" கூட அப்படித்தான், கொம்பும் காலும் தனித்தனியாக வரலாம், ஒரே குறியாகவும் வரலாம். ஔவையை ஒ, ள சேர்த்து அடிப்பவர்களும் உண்டு, அந்த ஃபைல் தேடலில் அகப்படவே அகப்படாது. நகல் எடுத்துவிட்டு, ஒரே கீபோர்டில் புதுப் போல்டர் போட்டு, இரண்டிலும் உள்ளதை அதற்குள் நகர்த்துங்கள். இனிமேல் கடை முழுக்க ஒரே கீபோர்டு.

திருமங்கலம்: இதுக்குத்தான் சொல்றது, ஃபைலுக்கு இங்கிலீஷ்லயே பேர் வைக்கணும்.

ஒப்புக்கொள்ள மாட்டேன். மேலூர்த் தம்பியை மடக்கியது முக்காற்புள்ளி, இங்கிலீஷ் பெயரிலும் அது மடக்கும்.

திருமங்கலம்: ஜிப்பில் அனுப்பினால் தமிழ்ப் பெயர் எல்லாம் குப்பையா வருதே?

அது ஜிப் செய்த மென்பொருளின் குறை. பெயர் யூடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் முறை) என்று ஜிப்புக்குள் ஒரு அடையாளம் போட வேண்டும், பழைய மென்பொருள் போடாது. செவன்-ஜிப் மென்பொருளில் கட்டி அனுப்பிப் பாருங்கள்.

உசிலம்பட்டி, டீச்சர்: நான் தமிழ்தான் சார் பக்கம். பிள்ளைகள் தேடி எடுக்க வேண்டாமா? ஆனால் லினக்ஸில் பெயர் நீளம் என்று மறுக்கிறதே.

வாங்க டீச்சர், பிள்ளைகள் தேடி எடுப்பதுதான் முக்கியம். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட் (கணினிச் சேமிப்பின் அலகு) இடம்தான். தமிழில் எழுத்தும் குறியும் ஒவ்வொன்றும் 3 பைட், "க்" என்றாலே 6. ஆகப் பெயருக்கு 85 குறிகள்தான். பாடத் தலைப்பு முழுவதையும் பெயரில் வைக்காமல் வகுப்பு, பாட எண், இரண்டு சொல் போதும்.

திருமங்கலம்: பார்த்தீங்களா, இங்கிலீஷ்னா 255 எழுத்து!

255 எழுத்தில் பெயர் வைத்தால் எந்த மொழியிலும் யாரும் படிக்க மாட்டார்கள். இதோடு விடுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஒத்தக்கடை: 14/04 என்று தேதி போட முடியலையே?

மேலே ஒன்பது குறி சொன்னேன். 14-04 போடுங்கள்.

செல்லூர்: கேள்விக்குறி?

அதே ஒன்பது. மேலே படியுங்கள்.

திருப்பரங்குன்றம், மாணவர்: சி, ஓ, என் என்ற மூன்று இங்கிலீஷ் எழுத்தில் விண்டோஸ் போல்டர் உண்டாக மாட்டேங்குது, வைரஸா?

இல்லை. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் கீபோர்டுக்கும் திரைக்கும் ஒதுக்கிய பெயர். வேறு பெயர் வையுங்கள்.

சோழவந்தான்: லினக்ஸ் டெர்மினலில் பெயர் கழித்தல் குறியில் தொடங்கும் ஃபைல் அழிய மாட்டேங்குது அண்ணே.

கட்டளைக்கான விருப்பக்குறி என்று நினைத்துக்கொள்கிறது. பெயருக்கு முன்னால் ./ போடுங்கள், அழியும். நகல் வேண்டுமென்றால் அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், டெர்மினலில் அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போகாது.