லிஸ்ப் பைட்கோடு இன்டர்பிரட்டரில் சோதனைகள் எங்கே வைப்பது? – கேள்வி-பதில்

கேள்வி: லிஸ்ப் நிரலைக் கம்பைலர் பைட்கோடாக மாற்றுகிறது, அதை ஓட்டும் இன்டர்பிரட்டர் ஒன்று சி மொழியில் எழுதுகிறேன். ஒவ்வொரு ஆப்கோடிலும் (பைட்கோடின் ஒவ்வொரு கட்டளையிலும்) சோதனை வைத்தால் இன்டர்பிரட்டர் தவழ்கிறது. எடுத்துவிட்டால் எங்கேயோ செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டு நிரல் விழுவது). எதை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது?

தவறு யாருடையது என்று முதலில் பிரித்துவிடுங்கள். 'கார்' என்பது ஒரு ஜோடியின் முதல் பாதியை எடுக்கும் ஃபங்ஷன்; லிஸ்ப் எழுதுபவர் 5 என்ற எண்ணை அதற்குக் கொடுத்தால் அது அவர் தவறு. அந்த வகைச் சோதனை வெளியீட்டு பில்டிலும் இருந்தே ஆக வேண்டும். லிஸ்ப் பக்கமே பிடித்துக் கையாளக்கூடிய பிழையாக அது எழ வேண்டும்.

காலி ஸ்டாக்கிலிருந்து (மதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் இடம்) பாப் செய்வது, அதாவது மேல் மதிப்பை எடுப்பது, கான்ஸ்டன்ட் வெக்டரில் (ஃபங்ஷனின் மாறிலிகள் இருக்கும் வரிசை) இல்லாத இடத்தைக் கேட்பது போன்றவை வேறு ரகம். சாதாரண லிஸ்ப் நிரலால் இவற்றைச் செய்யவே முடியாது. நடந்தால் ஓட்டை உங்கள் கம்பைலரிலோ இன்டர்பிரட்டரிலோதான். அங்கே அசெர்ட் ('இது உண்மையாக இருந்தே ஆக வேண்டும்' என்ற உள் சோதனை) வையுங்கள், விழுந்தால் அந்த இடத்திலேயே புரோகிராம் நிற்கட்டும். இதையும் லிஸ்ப் பிழையாக மாற்றிவிடாதீர்கள். யாராவது ஒரு எரர் ஹேண்ட்லர் போட்டு அதை விழுங்கிவிடுவார்கள், கெட்டுப்போன ஸ்டாக்கோடு வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

லிஸ்ப் பைட்கோடை ஓட்டும் எடிட்டரான ஈமேக்ஸும் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. கார், சிடிஆர் (ஜோடியின் மறு பாதியை எடுப்பது) ஆகியவற்றின் வகைச் சோதனை எப்போதும் உண்டு. உள் அசெர்ட்டுகள், சோதனைகளை இயக்கும் தேர்வோடு பில்ட் செய்தால்தான் வேலை செய்யும். பைட்கோடு ஸ்டாக்கைச் சோதிக்க, அதற்கென்று தனியாக ஒரு மேக்ரோ இருக்கிறது.

கேள்வி: குறிப்பிட்ட ஒரு ஃபங்ஷனில் அசெர்ட் விழுகிறது. அதன் பைட்கோடை வரி வரியாகப் பார்த்துவிட்டேன், ஒரு குற்றமும் இல்லை.

குற்றம் பெரும்பாலும் அந்த ஃபங்ஷனில் இருக்காது. ஸ்டாக் ஆழம் கெடுவது ஓரிடம், விழுவது இன்னோரிடம்.

'எல்ஸ்' இல்லாத ஒரு 'இஃப்' எடுத்துக்கொள்ளுங்கள். நிபந்தனை உண்மையானால் உள்ளே இருக்கும் கோவை ஒரு மதிப்பை ஸ்டாக்கில் விட்டுச் செல்கிறது. பொய்யானால் 'நில்' (லிஸ்ப்பின் வெறுமை மதிப்பு) ஒன்றைப் புஷ் செய்ய வேண்டும், அதாவது ஸ்டாக்கின் மேல் வைக்க வேண்டும். கம்பைலர் அதை மறந்துவிட்டது. அடுத்து வருவது, 'இஃப்' தந்த மதிப்பைத் தூக்கிப்போடும் ஒரு டிஸ்கார்ட். உண்மைக் கிளையில் எல்லாம் சரி. பொய்க் கிளையில் வந்தால் அந்த டிஸ்கார்ட் ஒரு லோக்கல் மாறியையே கழற்றிவிடும். ஃப்ரேம்கள் (ஒவ்வொரு அழைப்புக்கும் உரிய பகுதிகள்) எல்லாம் ஒரே ஸ்டாக்கில் அடுத்தடுத்து இருந்தால், அழைத்த ஃபங்ஷனின் மதிப்பும் சேர்ந்து போகலாம். பாப் செய்யும் இடத்தில் 'ஸ்டாக் காலியா' என்று மட்டும் கேட்டால் இது மாட்டாது, ஏனென்றால் ஸ்டாக் காலியாக இல்லை. இந்த ஃப்ரேமின் அடிமட்டத்துக்குக் கீழே போகிறோமா என்று கேட்க வேண்டும். லோக்கல்களும் அதே ஸ்டாக்கில் இருந்தால் அவற்றுக்கு மேலேதான் அடிமட்டத்தை வைக்க வேண்டும்.

புஷ் செய்யும்போது, கம்பைலர் அறிவித்த அதிகபட்ச ஆழத்தைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். ரிட்டர்னில், லோக்கல்களுக்கு மேல் சரியாக ஒரே ஒரு மதிப்புதான் மிச்சமா என்று பாருங்கள். பலரும் விட்டுவிடுவது இந்த ரிட்டர்ன் சோதனையைத்தான். நானாக இருந்தால் அதைத்தான் முதலில் வைப்பேன், ஏனென்றால் ஃபங்ஷனுக்கு ஒரு முறைதான் செலவு. ஈமேக்ஸ் போல, ரிட்டர்ன் மேல் மதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அப்படியே விட்டுவிடும் வடிவமைப்பில் இது நேரடியாகப் பொருந்தாது. அங்கே கம்பைலர் கணக்கிட்ட ஆழத்தோடு ஒப்பிடலாம்.

இதைவிட நல்ல வழி, ஓடுவதற்கு முன்பே சரிபார்ப்பது. ஃபங்ஷனை ஏற்றும்போது ஒவ்வொரு ஆப்கோடும் ஆழத்தை எவ்வளவு கூட்டும், குறைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போங்கள். ஜம்ப் வந்து சேரும் ஒவ்வொரு இடத்திலும் ஆழத்தைக் குறித்து வையுங்கள். ஒரே இடத்துக்கு இரண்டு பாதைகள் வெவ்வேறு ஆழத்தில் வந்தால் அந்தக் கோடை நிராகரியுங்கள். மேலே சொன்ன 'இஃப்' ஓடாமலேயே பிடிபட்டுவிடும். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். 'கால்' ஆப்கோடின் விளைவு அதன் ஆர்குமென்ட் எண்ணிக்கையைப் பொறுத்தது: இரண்டு ஆர்குமென்ட் என்றால் ஃபங்ஷனையும் சேர்த்து மூன்று போகும், ஒன்று வரும். எரர் ஹேண்ட்லர் இறங்கும் இடத்தில் ஆழம் என்பது ஹேண்ட்லரைப் பதிவு செய்தபோது இருந்த ஆழம், அதோடு பிழை மதிப்புக்கு ஒன்று.

ஜாவாவின் மெய்நிகர் இயந்திரம் இந்தக் கணக்கை வகைகளோடும் சேர்த்துச் செய்கிறது. ஈமேக்ஸ் கையேடோ, பைட்கோடு ஃபங்ஷனின் உறுப்புகளை நீங்களாகவே தயாரிக்காதீர்கள், முரண்பட்டால் ஈமேக்ஸ் விழுந்துவிடலாம் என்று வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. கம்பைலரை நம்புவது என்று எடுத்த முடிவு அது. உங்கள் கம்பைலர் இன்னும் புதுசு என்றால் அந்த நம்பிக்கை சீக்கிரம்.

கேள்வி: ஓடும் ஒவ்வொரு ஆப்கோடையும் பிரிண்ட் செய்து பார்த்தேன். கோப்பு ஜிகாபைட் கணக்கில் போய்விட்டது.

பிரிண்ட் செய்யாதீர்கள். 256 இடம் கொண்ட ஒரு வட்ட பஃபரில் (நிறைந்ததும் பழையதன் மேல் எழுதுவது) ஃபங்ஷன், பிசி (பைட்கோடில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்ற எண்), ஆப்கோட், ஸ்டாக் ஆழம் இந்த நான்கையும் எழுதிக்கொண்டே வாருங்கள். அசெர்ட் விழும்போது மட்டும் அதைக் கொட்டுங்கள். அளவு இரண்டின் அடுக்காக இருந்தால் சுற்றி வருவதற்கு ஒரு பிட் 'அண்ட்' போதும். ஒரு எச்சரிக்கை: ஃபங்ஷனின் பாயின்டரை பஃபரில் வைத்தால், கொட்டும்போது அந்த ஃபங்ஷன் உயிரோடு இல்லாமலும் போகலாம். ஏற்றும்போதே ஒரு வரிசை எண் கொடுத்து அதை எழுதுவது பத்திரம்.

கேள்வி: நீளமாக ஓடினால் மட்டும், ஒரு கன்ஸ் செல் (இரண்டு மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் ஜோடி) திடீரென்று சரமாக (ஸ்ட்ரிங்) மாறிவிடுகிறது. டீபக்கரில் வைத்துப் பார்த்தால் வருவதே இல்லை.

கார்பேஜ் கலெக்டர் (பயன்படாத நினைவகத்தைத் திரும்பப் பெறும் பகுதி) இன்னும் தேவைப்படும் ஒன்றைக் கூட்டித் தள்ளிவிட்டது, அந்த இடத்தை வேறொன்று எடுத்துக்கொண்டது. முதலில் உங்கள் 'கன்ஸ்' ஆப்கோடைப் போய்ப் பாருங்கள். இரண்டு மதிப்புகளைப் பாப் செய்துவிட்டு, அப்புறம் புது செல் கேட்கிறீர்களா? அந்தக் கோரிக்கை கலெக்டரை எழுப்பினால், அந்த இரண்டு மதிப்புகளும் ஸ்டாக்கின் உச்சிக்கு வெளியே கிடக்கின்றன. அவற்றை யாரும் மார்க் செய்யப்போவதில்லை, அதாவது 'இன்னும் தேவை' என்று குறிக்கப்போவதில்லை. செல்லை முதலில் வாங்குங்கள், பிறகு பாப் செய்யுங்கள். பொருள்களை இடம் மாற்றும் கலெக்டர் என்றால், செல் வாங்கிய பிறகு மதிப்புகளை ஸ்டாக்கிலிருந்தே மறுபடி படிக்க வேண்டும்.

இதே குடும்பத்தில் இன்னொன்று உண்டு. வேகத்துக்காக ஸ்டாக் பாயின்டரை ஒரு லோக்கல் மாறியில் வைத்திருப்பீர்கள். கலெக்டர் பார்ப்பதோ ஃப்ரேமில் சேமித்த பழைய மதிப்பை. ஒதுக்கீடு செய்யக்கூடிய எந்த ஆப்கோடிலும் அழைப்புக்கு முன் அதைத் திருப்பி எழுதியாக வேண்டும்.

கண்டுபிடிக்கும் வழி, அபூர்வமாக நடப்பதை ஒவ்வொரு முறையும் நடக்க வைப்பது. ஒவ்வொரு ஒதுக்கீட்டிலும் கலெக்டரை ஓட வைக்கும் ஒரு தேர்வு சேருங்கள். ரூபியிலும் ஆர் மொழியிலும் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஆமை வேகம்தான், அதனால் சின்ன டெஸ்ட்களை மட்டும் ஓட்டுங்கள். குறிப்பிட்ட எண்ணிக்கை ஒதுக்கீடுகளுக்குப் பிறகு தொடங்கு என்று சொல்ல முடிந்தால், பாதி பாதியாகக் குறைத்துக் குற்றவாளியை நெருங்கிவிடலாம்.

கூடவே, விடுவித்த செல்களில் நஞ்சு வையுங்கள். பூஜ்யம் வேண்டாம், பல அமைப்புகளில் அது ஒழுங்கான மதிப்பு. மதிப்பின் வகையைச் சொல்லும் டேக் பிட்கள் மூன்று என்றால் எட்டு டேக். அதில் பயன்படுத்தாத ஒன்று மிச்சமிருந்தால் அதையே நஞ்சாக வையுங்கள். செத்த செல்லைத் தொட்டவுடன் உங்கள் வகைச் சோதனையே பிடித்துக் கொடுக்கும். ஈமேக்ஸும் விடுவித்த கன்ஸின் 'கார்' இடத்தில் இதற்கென்று ஒரு செத்த மதிப்பை வைக்கிறது.

கேள்வி: ஜிடிபி டீபக்கரில் பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) கேட்டால் ஒரே சி ஃபங்ஷன் பெயர்தான் வரிசையாக வருகிறது. லிஸ்ப் ஃபங்ஷன் பெயர்கள் வேண்டும்.

ஒவ்வொரு லிஸ்ப் அழைப்புக்கும் ஒரு ஃப்ரேம் பதிவு, அதில் ஃபங்ஷன், பிசி, முந்தைய ஃப்ரேமின் பாயின்டர். அந்தச் சங்கிலியை நடந்து அச்சிடும் ஒரு சி ஃபங்ஷன் எழுதி, ஜிடிபியிலிருந்தே கூப்பிடுங்கள். அது எந்த ஒதுக்கீடும் செய்யக்கூடாது. நினைவகம் ஏற்கெனவே கெட்டிருக்கும் நேரத்தில்தான் அதைக் கூப்பிடுவீர்கள். வட்டமான லிஸ்டில் மாட்டாமல் இருக்க ஆழத்துக்கும் நீளத்துக்கும் வரம்பு வையுங்கள். ஈமேக்ஸ் மூலத்தோடு வரும் ஜிடிபி தொடக்கக் கோப்பை ஒரு முறை படித்துப் பாருங்கள், லிஸ்ப் மதிப்பை அச்சிடும் கட்டளையும் லிஸ்ப் பேக்ட்ரேஸ் கட்டளையும் அதில் இருக்கின்றன.

வரி எண் ஒன்று தள்ளிக் காட்டினால் பதற வேண்டாம். ஆப்கோடைப் படித்தவுடன் பிசி அடுத்ததற்கு நகர்ந்துவிடுகிறது. ஆப்கோடின் தொடக்கத்தைச் சேமித்து வைத்து, வரி எண் அட்டவணையில் அதைத் தேடுங்கள்.

கேள்வி: ட்ரேஸ் வசதியை (ஓடும் ஆப்கோடுகளைப் பதிவு செய்வதை) வெளியீட்டு பில்டிலும் வைக்க ஆசை. ஒவ்வொரு ஆப்கோடிலும் ஒரு 'இஃப்' கட்டுப்படியாகுமா?

அந்த 'இஃப்' தேவையே இல்லை. சி கம்பைலரான ஜிசிசியின் லேபிள் முகவரி வசதியால் டிஸ்பேட்ச் செய்கிறீர்கள் (ஒவ்வொரு ஆப்கோடுக்கும் உரிய கோடுக்குத் தாவுகிறீர்கள்) என்றால் இரண்டு ஜம்ப் அட்டவணை வையுங்கள். இரண்டாவதில் எல்லா இடமும் ஒரே லேபிளுக்குப் போகட்டும். அங்கே ட்ரேஸும் சோதனையும் முடித்துவிட்டு அசல் அட்டவணை வழியே தாவுங்கள். ட்ரேஸ் போடுவது என்பது அட்டவணை பாயின்டரை மாற்றுவது மட்டும்தான். அந்தப் பாயின்டரை ஃபங்ஷன் அழைப்பிலும் பின்னோக்கிய ஜம்ப்பிலும் மறுபடி படித்தால் போதும். பைதான் 3.12 வேறு வழியில் போனது: கண்காணிக்கச் சொன்ன இடங்களில் ஆப்கோடையே மாற்றி எழுதுகிறது. ஒரு சில வரிகளில் மட்டும் பிரேக்பாயின்ட் வேண்டுமென்றால் அது இன்னும் சிக்கனம்.

கேள்வி: காமன் லிஸ்ப் போல, சேஃப்டி அளவை (எவ்வளவு சோதனை வேண்டும் என்று கம்பைலருக்குச் சொல்லும் எண்) பயனரிடமே விட்டுவிடலாமா?

விடலாம், வகைச் சோதனைகளுக்கு மட்டும். அங்கே அளவு 0 முதல் 3 வரை; 0 என்றால் பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை. உங்கள் உள் அசெர்ட்டுகளை அதோடு முடிச்சுப் போடாதீர்கள். எந்த அளவில் கம்பைல் ஆனது என்பதை ஃபங்ஷனிலேயே பதிந்து, பேக்ட்ரேஸில் பெயருக்குப் பக்கத்தில் காட்டுங்கள். 0 என்று தெரிந்தால், இன்டர்பிரட்டரைக் குடையும் முன் அந்த ஃபங்ஷனை 3-இல் கம்பைல் செய்து ஓட்டிப் பார்க்கச் சொல்லிவிடலாம்.