யோவில் ஜெயித்தது சாய்ந்த மைதானத்தாலா?

கேள்வி: இங்கிலாந்தில் யோவில் என்ற சின்ன ஊர் கிளப் 1949இல் சண்டர்லாந்தைத் தோற்கடித்தது அதன் மைதானம் சாய்வாக இருந்ததால்தான் என்கிறார்களே, உண்மையா? அவ்வளவு நல்ல அணி என்றால் ஃபுட்பால் லீகில் சேர ஏன் 2003 வரை ஆனது?

பதில்:

பெரிய அணிகளும் சின்ன கிளப்புகளும் மோதும் இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையில் மூன்றாம் சுற்று வந்தால் ஒவ்வொரு ஜனவரியும் அந்தப் பழைய கறுப்பு வெள்ளைக் காட்சியைப் போடுவார்கள். "மைதானம் சாய்வு, அதனால் ஜெயித்தார்கள்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவார்கள். நீங்களும் அதைக் கேட்டுவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஒரு வரி பதினோரு பேரின் உழைப்பைத் தரைக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் சாய்வு. அது கட்டுக்கதை இல்லை. யோவில் 1920இலிருந்து 1990 வரை ஆடிய ஹியூயிஷ் மைதானம் ஒரு பக்கக் கோட்டிலிருந்து மறு பக்கக் கோட்டுக்கு 8 அடி இறங்கியது. கோல் கம்பத்தின் உயரமும் 8 அடிதான். மேல் கோட்டில் நிற்பவரின் பாதமும், கீழ்க் கோட்டில் ஒரு கோலை நட்டால் அதன் குறுக்குக் கம்பியும் ஒரே மட்டத்தில் இருக்கும். அகலம் 70 கஜம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 26 அடிக்கு 1 அடி சரிவு. தரை ஒரே சீராகச் சரிந்தால் 24 அடி அகலக் கோலின் இரண்டு கால்களுக்கும் நடுவே 11 அங்குல வித்தியாசம் வரும்.

ஆனால் சாய்ந்த திசையைப் பாருங்கள். ஒரு கோலிலிருந்து மறு கோலுக்குச் சரிவு இருந்திருந்தால் ஒரு பாதி ஏற்றம், ஒரு பாதி இறக்கம் என்று ஆகும், டாஸுக்கு மதிப்பு இருக்கும். ஹியூயிஷில் சரிவு குறுக்குவாட்டில். யோவிலின் வலது விங் பள்ளத்தில் ஓடும்போது எதிரணியின் இடது விங்கும் அதே பள்ளத்தில்தான் ஓடுகிறது. இடைவேளைக்குப் பிறகு முனை மாறினால் இருவருக்கும் விங் மாறுகிறது, அவ்வளவுதான். எந்த நிமிடத்திலும் ஒரு அணிக்கு மட்டும் இறக்கம் என்பது கிடையாது.

வீட்டு அணிக்குப் பழக்கம் உதவாதா என்று கேட்பீர்கள். உதவும், மறுக்கவில்லை. குறுக்கே 20 கஜம் தரையோடு மேல்நோக்கி ஒரு பாஸ் போட்டால் பந்து இரண்டேகால் அடி ஏறியாக வேண்டும். பழகாதவர் போடும் பாஸ் ஆளைச் சேருமுன் செத்துப்போகும், எதிரணி ஆள் எடுத்துக்கொள்வார். நேராக முன்னால் உருட்டும் பந்து கீழ்க் கோட்டை நோக்கி வளையும், ஆகவே குறியை மேல்பக்கம் தள்ளி வைக்க வேண்டும். மேல் மூலையிலிருந்து கார்னர் எடுத்தால் கோல் நடு 4 அடி தாழ்வில் இருக்கும், கீழ் மூலையிலிருந்து எடுத்தால் 4 அடி உயரத்தில் இருக்கும். ஒரே உதை இரண்டு இடத்துக்கும் சரிப்படாது. மழை பெய்தால் தண்ணீர் கீழ்ப்பக்கம் வடியும், சேறும் அங்கேதான் கனமாகச் சேரும்.

இதெல்லாம் ஒரு தொழில்முறை ஆட்டக்காரருக்கு அரை மணி நேரத்தில் கால் பழகிவிடுகிற விஷயம். அன்றைய ஆட்டம் 120 நிமிடம் நடந்தது, தீர்ப்புக் கோல் விழுந்தது 104ஆம் நிமிடம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அல்ல, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதே சரிவில் ஆடிய கிளப், ஃபுட்பால் லீகுக்கு வெளியே இருந்த சதர்ன் லீகை 1946 முதல் 1979 வரை வென்றது மூன்றே முறை: 1955, 1964, 1971. சரிவு கோப்பை வாங்கித் தரும் என்றால் அலமாரி நிறைந்திருக்க வேண்டுமே.

சரி, 1949 ஜனவரி 29 அன்று என்னதான் நடந்தது? நான்காம் சுற்று. அதற்கு முந்தைய சுற்றிலேயே இரண்டாம் டிவிஷன் பரி அணியை யோவில் 3-1 என்று வெளியேற்றியிருந்தது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சண்டர்லாந்து முதல் டிவிஷன் அணி. முந்தைய வருடம்தான் லென் ஷாக்கிள்டனை 20,050 பவுண்டுக்கு வாங்கியிருந்தது, அப்போதைக்கு அது பிரிட்டிஷ் சாதனைத் தொகை. யோவில் அணியில் அலெக் ஸ்டாக் தவிர மற்றவர்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டுப் பந்து ஆடியவர்கள். ஸ்டாக் மேனேஜர், கேப்டன், முன்வரிசை ஆட்டக்காரர் மூன்றும். கோலில் நின்ற டிக்கி டைக் வக்கீல் அலுவலக குமாஸ்தா. வழக்கமான கோல்கீப்பருக்குக் காயம் என்பதால் இடம் கிடைத்தவர்.

28ஆம் நிமிடம் ஸ்டாக் கோல் அடித்தார். 62ஆம் நிமிடம் ஜாக்கி ராபின்சன் சமன் செய்தார். 90 நிமிடம் முடிந்தபோது 1-1. பெரும்பாலானவர்கள் கவனிக்காத இடம் இதுதான். வழக்கமாக இருந்தால் சமன் ஆன ஆட்டம் அடுத்த வாரம் சண்டர்லாந்தின் ரோக்கர் பார்க்கில் ரீப்ளேக்குப் போயிருக்கும். போருக்குப் பிந்தைய அந்த வருடங்களில் வேலை நாளில் ஆட்டம் வைத்தால் ஆலைகளில் ஆள் குறைகிறது என்று முதல் ஆட்டத்திலேயே எக்ஸ்ட்ரா டைம் ஆட வைத்தார்கள். அந்த விதி யோவிலுக்குப் பெரிய உதவி. அதிர்ஷ்டம் என்று சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ரோக்கர் பார்க்கில் முடிவு வேறாகத்தான் இருந்திருக்கும்.

எக்ஸ்ட்ரா டைமில் மூடுபனி இறங்கியது. ஷாக்கிள்டன் தன் பாதியில் தலைக்கு மேலாகப் பந்தைத் திருப்பி அனுப்ப முயன்றார். ரே ரைட் அதைப் பிடித்து எரிக் பிரையண்டுக்கு விட, பிரையண்ட் கோலாக்கினார். நாட்டிலேயே அதிக விலை போன ஆட்டக்காரர், எளிதாக வெளியே உதைத்துவிட வேண்டிய பந்தில் வித்தை காட்டப் போனதால் வந்த கோல் அது. பந்து சரிவில் உருண்டு வலைக்குள் போகவில்லை. மிச்ச நிமிடங்களை மூடுபனிக்குள் தாக்குப்பிடித்து 2-1 என்று முடித்தார்கள்.

அடுத்த சுற்றில் கோப்பையைக் கையில் வைத்திருந்த மான்செஸ்டர் யுனைடெட். ஓல்ட் டிராஃபோர்டு குண்டுவீச்சில் சேதமாகியிருந்ததால் மெயின் ரோட்டில் ஆட்டம், 81,565 பேர் வந்தார்கள். 8-0. ஜாக் ரௌலி மட்டும் ஐந்து. "பார்த்தீர்களா, சமதரையில் என்ன ஆனது" என்று இதைச் சாட்சியாகக் காட்டுபவர்கள் உண்டு. அந்த வருட யுனைடெட் எதிரில் முதல் டிவிஷன் அணிகளே சமதரையில் திணறின. இதை வைத்துச் சரிவைப் பற்றி ஒன்றும் நிரூபிக்க முடியாது. ஸ்டாக்கின் திறமையில் சந்தேகம் இருந்தால் அவர் பின்னால் செய்ததைப் பாருங்கள்: 1967இல் மூன்றாம் டிவிஷனில் இருந்த குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்கு லீக் கோப்பை, 1975இல் இரண்டாம் டிவிஷன் ஃபுல்ஹாமை எஃப்.ஏ. கோப்பை இறுதிவரை. இரண்டுமே வெம்ப்ளி, சமதரை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

1987க்கு முன் நான்-லீக் கிளப், அதாவது ஃபுட்பால் லீகுக்கு வெளியே இருந்த கிளப், ஒன்று ஜெயித்து மேலே போக வழியே கிடையாது. லீகில் கடைசி இடங்களில் முடித்த கிளப்புகள் மறுபடி தேர்வுக்கு விண்ணப்பிக்கும். 1958க்குப் பிறகு நான்காம் டிவிஷனின் கடைசி நான்கு. அவற்றுடன் வெளியிலிருந்து விண்ணப்பிக்கும் கிளப்புகளும் சேரும். ஓட்டுப் போடுபவர்கள் லீகில் ஏற்கெனவே இருக்கும் கிளப்புகளே. மேல் இரண்டு டிவிஷன்களின் 44 கிளப்புகளுக்கு ஆளுக்கொரு ஓட்டுச்சீட்டு, கீழ் இரண்டு டிவிஷன்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து விரல்விட்டு எண்ணக்கூடிய ஓட்டு. ஒவ்வொரு சீட்டிலும் நான்கு பெயர் குறிக்க வேண்டும். உள்ளே இருப்பவர் உள்ளே இருப்பவரைத்தான் காப்பாற்றுவார், நாளை தன் முறை வரலாம் என்ற பயம். வெளியிலிருந்து ஆறேழு கிளப் நின்றால் மாற்றம் வேண்டும் என்பவர்களின் ஓட்டும் சிதறிவிடும்.

யோவில் பலமுறை நின்று தோற்றது. 1950இல் லீக் 88 கிளப்பிலிருந்து 92 ஆக விரிந்தபோது தெற்குப் பிரிவின் இரண்டு இடங்கள் கில்லிங்ஹாமுக்கும் கோல்செஸ்டருக்கும் போயின. 1976இல்தான் கைக்கெட்டும் தூரம் வந்தது: கடைசி இடத்தில் முடித்த வொர்க்கிங்டனுக்கு 21, யோவிலுக்கு 18. மறு வருடம் வொர்க்கிங்டன் மறுபடி கடைசியில் முடித்தது, வெளியேற்றப்பட்டது, அந்த இடம் விம்பிள்டனுக்குப் போனது. ஒரு வருடம் முன்பு இரண்டு பேர் பேனாவை வேறு பெயரில் வைத்திருந்தால் யோவிலின் வரலாறு 27 வருடம் முன்னதாகத் தொடங்கியிருக்கும். ஓட்டுச் சிதறலைத் தடுக்கத்தான் 1979இல் நான்-லீக் கிளப்புகளின் மேல்மட்டமாக அலையன்ஸ் பிரிமியர் லீகைத் தொடங்கி, அதிலிருந்து ஒரே வேட்பாளரை நிறுத்தினார்கள். யோவில் அதன் தொடக்க உறுப்பினர்.

அதன் பிறகு நடந்ததற்கு ஓட்டு முறையைக் குறை சொல்ல மாட்டேன். 1985இலும் 1995இலும் யோவில் அந்த லீகிலிருந்தே இறங்கியது. 1988இலும் 1997இலும் ஒரு படி கீழே இருந்த இஸ்த்மியன் லீகை வென்று திரும்பியது. நடுவில் 1990இல் பழைய ஹியூயிஷை விட்டு ஊர் ஓரத்தில் ஹியூயிஷ் பார்க்குக்கு மாறியது. பழைய இடத்தில் டெஸ்கோ வந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்லாமல் போக முடியவில்லை, யோவிலுக்கு நேர்த் தொடர்பில்லை என்றாலும். 1987இல் அந்த மேல்மட்ட நான்-லீகின் சாம்பியனுக்கு ஃபுட்பால் லீகுக்கு நேரடி உயர்வு என்று விதி வந்த பின்னும் மைதானத் தகுதி என்ற பூட்டு இருந்தது. 1994இல் கிடர்மின்ஸ்டர், 1995இல் மேக்கிள்ஸ்ஃபீல்டு, 1996இல் ஸ்டீவனேஜ் என்று அடுத்தடுத்து மூன்று சாம்பியன்களைக் கேட்டில் நிறுத்தினார்கள். மைதானம் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் தகுதியைப் பாதி சீசனில் காட்ட வேண்டும் என்று கெடு வைத்தால், சாம்பியன் ஆவோமா என்று தெரியாத நிலையில் ஒரு சின்ன கிளப் பெரும் கடன் வாங்கி ஸ்டாண்டு கட்ட வேண்டும். அதே நேரம் லீகுக்குள் இருந்த பழைய மைதானங்கள் சில அதைவிட மோசமாக இருந்தன. அந்த மூன்று அணியின் ஆட்டக்காரர்களுக்கு அந்த மே மாதங்களை யாரும் திருப்பித் தரவில்லை.

யோவிலுக்கு 2001இல் கேரி ஜான்சன் மேனேஜராக வந்தார். 2002இல் வில்லா பார்க்கில் ஸ்டீவனேஜை 2-0 என்று வென்று நான்-லீக் கிளப்புகளுக்கான கோப்பையான எஃப்.ஏ. டிராஃபி. அடுத்த சீசனில் 42 ஆட்டம், 100 கோல், 95 புள்ளி. இரண்டாம் இடம் மோர்கம், 78. அப்படிச் சாம்பியனாகித்தான் 2003இல் ஃபுட்பால் லீகுக்குள் வந்தது. அந்த இடைவெளியை எந்த ஓட்டுப்பெட்டியும் மறைக்க முடியாது. 2005இல் நான்காம் நிலையான லீக் டூவின் சாம்பியன். 2013இல் வெம்ப்ளியில் பிரென்ட்ஃபோர்டை 2-1 என்று வென்று இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்வரை ஏறியது. அங்கே ஒரே வருடம். 2014, 2015 அடுத்தடுத்து இறக்கம், 2019இல் லீகை விட்டே வெளியே, 2023இல் இன்னும் ஒரு படி கீழே, 2024இல் நேஷனல் லீக் சவுத்தை வென்று ஒரு படி மேலே.

பழைய முடிவுகளைத் தேடிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் பெயரில் கவனம் வேண்டும். 1895இல் தொடங்கியபோது யோவில் கேஷுவல்ஸ். 1907இல் யோவில் டவுன். 1914இல் பெட்டர்ஸ் யுனைடெட்டுடன் இணைந்து யோவில் அண்ட் பெட்டர்ஸ் யுனைடெட். 1946இல் மறுபடி யோவில் டவுன். பெட்டர்ஸ் என்பது ஊரிலிருந்த எஞ்சின் கம்பெனி. பம்ப்செட் எஞ்சின்களோடு பழகியவர்களுக்குப் பெட்டர் என்ற பெயர் தெரிந்திருக்கும், அதே கம்பெனிதான். 1915இல் வெஸ்ட்லேண்ட் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கியவர்களும் இவர்களே. கிளப்பின் க்ளவர்ஸ் என்ற செல்லப்பெயர் அதற்கும் முந்தைய தொழிலிலிருந்து வந்தது: தோல் கையுறை தைத்த ஊர். 1938இல் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 3-0 தோற்றதை "யோவில் டவுன்" என்று தேடினால் சில பட்டியல்களில் அகப்படாது, பெட்டர்ஸ் சேர்ந்த பெயரில் தேட வேண்டும்.

நான்-லீக் கிளப்பாக இருந்தபோதே யோவில் எஃப்.ஏ. கோப்பையில் 20 லீக் அணிகளை வெளியேற்றியிருக்கிறது. அவற்றில் சில 1990க்குப் பிறகு, புது மைதானத்தில் நடந்தவை. ஹியூயிஷ் பார்க்கின் தரை சமமானது.